ஜானி ‘கிதார்’ வாட்சன்: 1976-ல் ப்ளூஸை விட்டுப் போனாரா, கூடவே கொண்டு போனாரா?

பழைய_தட்டு:
அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டான ப்ளூஸை வாசித்தவர் ஒருவர், ஆட வைக்கும் ஃபங்க் இசைக்கு மாறி ஜெயித்த கதை என்றால் எல்லாரும் அமெரிக்கக் கிதார்காரர் வாட்சனைத்தான் காட்டுகிறார்கள். ஜெயித்தார், சரி. என்னத்தைக் கொடுத்து ஜெயித்தார்? 1954-ல் ‘ஸ்பேஸ் கிதார்’ என்று ரிவெர்ப் எதிரொலியையும் ஃபீட்பேக் இரைச்சலையும் வைத்து அட்டகாசம் செய்தவர். 1956-ல் ‘த்ரீ ஹவர்ஸ் பாஸ்ட் மிட்நைட்’. பின்னாளில் பெரிய ராக் கலைஞரான ஃப்ராங்க் ஜாப்பாவைக் கிதார் பக்கம் இழுத்ததே அந்தப் பாட்டுதான். இருபது வருஷம் கழித்து டிஜேஎம் ரெக்கார்டு கம்பெனிக்கு ‘எய்ன்ட் தட் எ பிட்ச்’ ஆல்பம் போடுகிறார். அதில் கிதாரைத் தேட வேண்டியிருக்கிறது. பெயரில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பேஸ்_பிரியன்:
தேடுவதா? ‘சூப்பர்மேன் லவ்வர்’ பாட்டை ஹெட்போனில் போடுங்கள் அண்ணே. அவர் ஒரு வரி பாடி நிறுத்துவார், கிதார் குறுக்கே வந்து நக்கலாகப் பதில் சொல்லும். பாட்டு முழுக்க இதே வாக்குவாதம்தான். ப்ளூஸில் பாடகனும் கிதாரும் பேசிக்கொள்வது வேறு என்னவாம்? பிக் (நரம்பை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் வெறும் விரலால் நரம்பைச் சுண்டும் அந்தச் ‘சடக்’ ஐம்பதுகளிலிருந்தே அவர் கையெழுத்து. இங்கேயும் அதேதான்.

இன்னொன்று. இந்த ஆல்பத்தில் பேஸ், கீபோர்டு எல்லாம் பெரும்பாலும் அவரே. டிரம்ஸுக்கு எம்ரி தாமஸ், பித்தளை வாத்தியங்களுக்கு வேறு ஆட்கள், அவ்வளவுதான். கம்பெனி சொன்னதற்கு ஆடுகிறவன் இப்படி உட்கார்ந்து இழைக்க மாட்டான்.

சும்மா_கேட்பவன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ப்ளூஸுக்கும் ஃபங்குக்கும் தாளத்தில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

பேஸ்_பிரியன்:
ப்ளூஸின் ஷஃபிள் என்ற தாளத்தில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிந்து ஊஞ்சல் மாதிரி ஆடும். 12 பாருக்குள் (12 தாள வட்டத்துக்குள்) கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், மாறி மாறிப் பாட்டைத் தள்ளிக்கொண்டு போகும். ஃபங்கில் முதல் அடியில்தான் மொத்தக் கனமும். கார்டு மாறாமல் ஒரே இடத்தில் நின்றாலும் போதும். ஆளுக்கொரு சின்னத் துண்டு வாசிப்பார்கள், நடுவில் விடும் இடைவெளிதான் ஆட்டம் போட வைக்கும். வாட்சன் அந்த இடைவெளியில்தான் ப்ளூஸை உட்கார வைத்தார்.

பழைய_தட்டு:
அழகாகத்தான் சொல்கிறீர்கள் தம்பி. ஆனால் ஆல்பர்ட் கிங் என்ற ப்ளூஸ் கிதார்காரரைப் பாருங்கள். 1974-ல் ‘ஐ வான்னா கெட் ஃபங்கி’ என்று பெயரே வைத்து ஆல்பம் போட்டார். கிதார் ஒரு இம்மி குறையவில்லை. நீளமாக வளைத்து வளைத்து அழ வைக்கிறார். அது முடியுமென்றால் வாட்சன் ஏன் நாலு சுரத்தோடு நிறுத்திக்கொண்டார்?

பேஸ்_பிரியன்:
ஆல்பர்ட் கிங் அசையவில்லை. அவருக்குக் கீழே ஸ்டாக்ஸ் கம்பெனி வாத்தியக்காரர்கள் தரையை மாற்றினார்கள். வாட்சன் தரையைத் தானே போட்டார். ஒரே நாளிலும் வரவில்லை. 1967-ல் பாடகர் லாரி வில்லியம்ஸோடு சேர்ந்து ‘மெர்சி, மெர்சி, மெர்சி’க்கு வார்த்தை வைத்துப் பாடினார், 1973-லும் 1975-லும் ஃபேன்டஸி கம்பெனிக்கு சோல் இசை வாடையோடு ஆல்பம் போட்டார். அதற்குப் பிறகுதான் இது.

ஆல்பத்தின் பெயரைக் கொண்ட பாட்டு எதைப் பற்றி என்று கவனித்தீர்களா? மாடாக உழைக்கிறேன், விலைவாசி ஏறுகிறது, கையில் காசு நிற்கவில்லை. 1974-ல் அமெரிக்காவில் பணவீக்கம் 11 சதவீதம். அந்த எரிச்சல் ஆறாத நேரத்தில் வந்த பாட்டு. ஆட வைத்துக்கொண்டே புலம்புகிறார். ஐவரி ஜோ ஹன்டர் 1956-ல் பாடிய ‘சின்ஸ் ஐ மெட் யூ பேபி’யும் அதே ஆல்பத்தில் இருக்கிறது. ப்ளூஸை உதறுகிறவர் அதை ஏன் எடுக்கிறார்?

பழைய_தட்டு:
விலைவாசியைப் பாடினால் ப்ளூஸ் ஆகிவிடுமா? அப்படிப் பார்த்தால் எங்கள் ரேஷன் கடை வரிசையே ப்ளூஸ் கச்சேரிதான். அப்புறம் அடுத்து வந்ததையும் பேசுங்கள். 1977-ல் ‘எ ரியல் மதர் ஃபார் யா’, திரும்பவும் விலைவாசி. அதே வருஷம் ‘ஃபங்க் பியாண்ட் த கால் ஆஃப் டியூட்டி’. 1978-ல் ‘கேங்ஸ்டர் ஆஃப் லவ்’வை எடுத்து ஃபங்க் சட்டை மாட்டினார். ஐம்பதுகளில் அவரே பாடியது, ராக் பாடகர் ஸ்டீவ் மில்லர் வரைக்கும் போன பாட்டு. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழையதில் திமிர் இருக்கிறது. புதியதில் திமிர் பிடித்தவன் மாதிரி நடிப்பு.

பேஸ்_பிரியன்:
1978 பதிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நான் பேசுவது 1976 ஆல்பத்தைப் பற்றி மட்டும். ஒரு ஃபார்முலா பிறகு தேய்ந்துபோனால் முதலில் கண்டுபிடித்ததும் மோசடி என்றாகிவிடுமா?

பழைய_தட்டு:
மோசடி என்று நான் சொல்லவே இல்லை. சின்ன விலைக்குப் பெரிய கிதாரை விற்றார் என்கிறேன்.

சும்மா_கேட்பவன்:
நீங்கள் சண்டை போட்டதில் ரெண்டையும் கேட்டுவிட்டேன். ‘சூப்பர்மேன் லவ்வர்’ மூன்றாவது தடவை ஓடுகிறது. ‘த்ரீ ஹவர்ஸ்’ கேட்டபோது பயமாக இருந்தது, அதனால் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டேன்.

பழைய_தட்டு:
பயமாக இருந்ததா? அப்போ நான் ஜெயித்துவிட்டேன்.

பேஸ்_பிரியன்:
அவர் மூன்றாவது தடவை எதைக் கேட்கிறார் என்று பாருங்கள் அண்ணே.