ஆபரேஷன் ஆன நாலாம் நாள் அம்மாவுக்கு காய்ச்சல், யூரின் டியூப்னாலயா?

கடலூர்_மகன்:
அம்மாவுக்கு 68 வயசு, பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சு இங்க கடலூர்லயே ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணி இன்னைக்கு அஞ்சாவது நாள். நல்லபடியா முடிஞ்சுதுன்னு இருந்தோம், நேத்து ராத்திரி திடீர்னு குளிர் நடுக்கம், 102 காய்ச்சல். டாக்டர் யூரின் கல்ச்சர் (என்ன கிருமின்னு வளத்துப் பாக்கற டெஸ்ட்) அனுப்பியிருக்கார், ஆஸ்பத்திரில வந்த இன்ஃபெக்ஷனா இருக்கலாம்ங்கறார். குணமாகத்தானே சேத்தோம், இங்க வந்து ஒட்டிக்குதே. நாங்க என்ன பண்ணணும்?

பாண்டி_சிஸ்டர்:
தம்பி, நான் பாண்டில ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். அட்மிட் ஆகி 48 மணி நேரம் தாண்டி புதுசா வர்றதத்தான் பொதுவா அப்படி சொல்லுவோம். யூரின் டியூப் இன்னும் இருக்கா? அது உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் கிருமி ஏற வழி, அதனால "டியூப் இன்னும் தேவையா, எப்ப எடுப்பீங்க"ன்னு தினம் ரவுண்ட்ஸ்ல கேளுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரைல படக்கூடாது. எக்ஸ்ரேக்கு தள்ளிட்டுப் போறப்ப பைய தூக்கி வயித்து மேல வெச்சிடுவாங்க பாருங்க, பையில இருக்கறது அப்படியே திரும்ப உள்ள ஓடும், அத விடாதீங்க. கல்ச்சர் ரிசல்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும், அதப் பாத்து ஆன்டிபயாடிக்க மாத்துவாங்க. காய்ச்சல் விட்டுச்சுன்னு நடுவுல நிறுத்திடாதீங்க. இன்னொண்ணு, யூரின்தான்னு முடிவு பண்ணிடாம தையல் போட்ட இடத்தையும் பாக்கச் சொல்லுங்க.

நெய்வேலி_வாசி:
சகோ, எங்கப்பாவுக்கு கைல வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏத்தற ஊசிக்குழாய்) போட்ட இடம் சிவந்து தடிச்சிருந்துச்சு, கை வலிக்குதுன்னு அவர் ரெண்டு நாளா சொல்லிட்டே இருந்தாரு, நாங்கதான் கண்டுக்கல. அம்மா கைய தினம் பாருங்க, சிவப்போ வீக்கமோ இருந்தா உடனே சிஸ்டர கூப்பிடுங்க. அப்புறம் பாக்க வர்றவங்க, பஸ் கம்பியப் புடிச்ச கையோடயே வந்து நெத்தில திருநீறு பூசி பெட்லயே உக்காந்துடுவாங்க. கட்டில் கிட்ட இருக்கற ஸ்டெரிலியத்த (கைல தேய்க்கற சானிடைசர்) 20, 30 செகண்ட் விரல் இடுக்கு வரைக்கும் தேச்சாத்தான் கிட்டயே விடணும், பெரியவங்களா இருந்தாலும் சரி.

பாண்டி_சிஸ்டர்:
சரியா சொன்னீங்க. ஆனா ஆன்டிபயாடிக் ஓடறப்ப லூஸ் மோஷன் ஆனா உடனே சொல்லுங்க, அப்ப கை கழுவ சோப்பும் தண்ணியும்தான், அந்த மாதிரி லூஸ் மோஷன உண்டாக்கற ஒரு கிருமி ஸ்டெரிலியத்துக்கு சாகாது.

கடலூர்_மகன்:
அக்கா, டியூப் இருந்துச்சு. காலைல ரவுண்ட்ஸ்ல நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன், டாக்டர் பாத்துட்டு இனிமே வேணாம்னு 11 மணிக்கு எடுத்துட்டாங்க. தையல் சுத்தமா இருக்காம்.

பாண்டி_சிஸ்டர்:
நல்லது தம்பி. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள தானா யூரின் போறாங்களான்னு பாருங்க, போகலன்னா இல்ல அடிவயிறு உப்பினா சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க.