பழைய பீங்கான் குழாயில் தொடர் அடைப்பு: ஆலோசனை தேவை

மயிலாப்பூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டிலிருந்து தெரு மேன்ஹோல் வரை செல்வது சிமெண்ட் பூச்சால் இணைத்த பழைய பீங்கான் கழிவுநீர்க் குழாய். பிற்பாடு கட்டிய மாடியின் 110 மி.மீ. பிவிசி குழாயும் இதன் சேம்பரில்தான் (குழாய்கள் கூடும் சிறு தொட்டி) வந்து சேர்கிறது. மாடியில் வரும் அடைப்பு பெரும்பாலும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்குதான். ஸ்பிரிங் கம்பி விட்டால் போய்விடும். கீழ்த்தளத்திலோ, இணைப்பு விரிசல்கள் வழியே வேப்பமர வேர் நுழைந்து பரவியிருப்பதால், எத்தனை முறை எடுத்தாலும் மீண்டும் தேங்குகிறது.

நீரை அழுத்தத்துடன் பாய்ச்சும் ஜெட்டிங் இயந்திரத்தை இந்தப் பீங்கான் தாங்குமா, அல்லது முற்றத்துத் தரையை உடைத்து, நாற்பது அடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்துப் பிவிசி பதிப்பதே சரியா என்பதை, பழைய வீடுகளில் இவ்வேலை செய்த அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். (ஆசிட் யோசனை வேண்டாம், அது சிமெண்ட் இணைப்பையும் அரித்துவிடும்.) உடைப்பதற்கு முன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், அதற்கான செலவையும் குறிப்பிடுங்கள்.