விண்டோஸ் 10 ஆதரவு நின்றுவிட்டது: கணினியை மாற்றுவதா, லினக்ஸ் போடுவதா?

மின்மினி:
2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை, மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள் இதனால் குப்பைக்குப் போகும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுங்கள். ஒரு மடிக்கணினியால் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அது நம் கைக்கு வரும் முன்பே, தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது.

கோவை ராசா:
எல்லாக் கணினிக்கும் இது பொருந்தாது நண்பரே. எங்கள் ஆபீசில் பழைய டெஸ்க்டாப் மானிட்டரோடு 100 வாட் இழுக்கிறது. புது மடிக்கணினிக்கு 20 போதும். தினம் 8 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 190 யூனிட் மிச்சம். நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரி. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. தயாரிப்புக்கு 250 கிலோ என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்குள் ஈடாகிவிடும். அப்புறம் டாலி என்ற கணக்கு மென்பொருள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்குப் பார்ப்பவர் என்ன செய்வார்?

மின்மினி:
உங்கள் கணக்கையே வீட்டுக்குப் போடுங்கள். தினம் 2 மணி நேரம், வருடம் 365 நாளும் ஓடும் டெஸ்க்டாப்பை மாற்றினால் ஈடாக ஆறு வருடம் ஆகும். பழைய மடிக்கணினி என்றால் மிச்சமே பெரிதாக இருக்காது. டாலி ஓடும் ஒரு கணினியை மாற்றுங்கள், சரி. கடிதம் அடிக்கவும் மின்னஞ்சல் பார்க்கவும் இருக்கும் மற்றவற்றை ஏன் மாற்ற வேண்டும்?

பழுதுக்கடை:
மாற்றிய பிறகு பழையது எங்கே போகிறது என்று இருவருமே பேசவில்லை. 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். இங்கே வாசலுக்கு வருபவர் பழைய இரும்புக் கடைக்காரர். அங்கிருந்து போகும் இடங்களில் செம்புக்காக வயரைக் கொளுத்துகிறார்கள், தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் போடுகிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் உங்கள் யூனிட் கணக்கில் வருவதில்லை. என் கடைக்கு வரும் 'ஸ்லோ' கணினிகளில் பாதிக்கு மேல் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டு, ராம் என்ற நினைவகத்தைக் கூட்டினாலே போதும்.

கோவை ராசா:
டெஸ்க்டாப்பை மாற்றுவது என்ற என் முடிவில் மாற்றமில்லை, மின்கட்டணமும் நான்தான் கட்டுகிறேன். ஆனால் கழற்றியதை இரும்புக் கடைக்குக் கொடுக்க மாட்டேன். பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போகும்.

மின்மினி:
ஓடுகிற கணினியை உடைக்கவா அனுப்புவீர்கள்? லினக்ஸ் போட்டு, தினம் ஒரு மணி நேரம் தேவைப்படும் ஒரு மாணவருக்குக் கொடுங்கள். அங்கே 100 வாட் ஒரு பொருட்டே இல்லை.