இறால் தொட்டியை யார் வைத்துக்கொள்வது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை

நான், காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு முழுவதும் பூச்சிமருந்து அடிக்கப் போவதாக நேற்றிரவுதான் அறிவித்தார்கள். என் 30 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 60 செர்ரி இறால்கள், அதாவது அழகுக்காக வளர்க்கும் சிறிய நன்னீர் இறால்கள், இருக்கின்றன. அவற்றில் நான்கு பெண் இறால்கள் வயிற்றடியில் முட்டை சுமந்துகொண்டிருக்கின்றன. பத்து நாட்களுக்கு யாராவது தொட்டியை வைத்துக்கொள்ள முடியுமா?

பெரியப்பா, 6:52
தொட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்தினால் போதாதா?

நான், 7:01
போதாது, பெரியப்பா. தொட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் தள்ளும் காற்றில்தான் இயங்குகிறது. பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராக நீருக்குள் விடுவதால், எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் மருந்து உள்ளே போய்விடும். வீடுகளில் அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பைரெத்ராய்டு வகையைச் சேர்ந்தவை. அவை பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்கின்றன. இறாலும் பூச்சியைப் போலவே கணுக்காலி என்பதால், நமக்கோ நாய்க்கோ ஒன்றும் செய்யாத மிகச் சிறிய அளவுகூட அதற்கு நஞ்சாகிவிடும்.

அண்ணன், 7:03
தொட்டியைத் தூக்க நான் வருகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை.

சித்தி, 7:09
என் மீன் தொட்டியில் விட்டுவிடு. அது பெரிய தொட்டி, இறால்களுக்கும் விளையாட இடம் கிடைக்கும்.

நான், 7:16
நீங்கள் சொன்னதே மகிழ்ச்சி, சித்தி. ஆனால் உங்கள் ஏஞ்சல் மீன்கள் வளர்ந்த இறாலையே விழுங்கிவிடும். இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டிகள் அவற்றுக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அதோடு, சென்ற மாதம் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அந்தத் தொட்டியில் மருந்து ஊற்றினீர்கள் அல்லவா? அந்த நோய்க்கான மருந்துகள் பலவற்றில் தாமிரம் உண்டு. இறாலின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம் கலந்த ஹீமோசயனின் என்ற பொருளால்தான் என்றாலும், நீரில் தாமிரம் சற்றே மிகுந்தாலும் அது பிழைக்காது.

சித்தி, 7:18
அப்படியானால் வேண்டாம். என் மீன்களைக் கெட்டவர்கள் ஆக்காதே.

அண்ணன் மகள், 7:22
சித்தப்பா, என் நீல இறால்களோடு உங்கள் சிவப்பு இறால்களைச் சேர்த்து வைக்கலாமா? தொட்டி தயாராகத்தான் இருக்கிறது.

நான், 7:35
நீரைப் பொறுத்தவரை உன் தொட்டிதான் மிகப் பொருத்தமானது, கண்ணம்மா. ஆனால் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாமே நியோகாரிடினா டேவிடி என்ற ஒரே இனம்தான். இயற்கையில் அது பழுப்பும் கண்ணாடி நிறமுமாக, இலைக்கும் கல்லுக்கும் இடையே கண்ணில் படாமல் வாழ்கிறது. மனிதர்கள் பல தலைமுறைகள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த நிறம்தான் இன்று நாம் காண்பது. இரண்டு நிறங்களும் கலந்தால் இரண்டு மூன்று தலைமுறைகளில் பெரும்பாலும் அந்தப் பழைய பழுப்புக்கே திரும்பிவிடும். நீ இரண்டு ஆண்டுகளாக நிறம் மங்கியவற்றை ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்த நீலத்தை நான் கெடுக்க மாட்டேன்.

அண்ணன் மகள், 7:37
வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை போட்டிருக்குமே, அதுவும் இதே இனமா?

நான், 7:44
இல்லை, அது காரிடினா என்ற வேறு பேரினம். 1990களில் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் கறுப்பு வெள்ளைத் தேனீ இறால்களிடையே சிவப்பாகப் பிறந்த ஒன்றைக் கண்டு, அதிலிருந்து பெருக்கியது. அதற்குக் கனிமம் குறைந்த மென்னீர் வேண்டும்; நீரின் அமில கார அளவான பிஎச் 6 ஒட்டி, கார்பனேட் கடினத்தன்மை ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும். செர்ரி இறாலோ பிஎச் 6.5 முதல் 8 வரை தாங்கிக்கொள்ளும், 22 முதல் 25 டிகிரி வெப்பத்தில் நன்றாகப் பெருகும்.

பெரியப்பா, 7:46
என்னிடம் இருக்கும் அமானோ இறால் மூன்று முறை முட்டை வைத்தும் ஒரு குட்டியைக்கூட நான் பார்க்கவில்லை. அதன் காரணத்தை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான், 7:53
அமானோவின் முட்டையிலிருந்து குட்டி வராது, பெரியப்பா. மிதக்கும் இளவுயிரிதான் வரும். அது வளர உப்புக் கலந்த நீர் தேவை, ஆற்றில் பொரித்துக் கடல் பக்கம் போய் மீண்டும் ஆற்றுக்கு ஏறிவரும் இனம் அது. செர்ரி இறாலில் அந்த நடுக்கட்டமே இல்லை. மூன்று நான்கு வாரம் தாய் காலால் விசிறி விசிறிக் காத்தபின், தாயைப் போலவே முழு உருவத்தோடு குட்டிகள் இறங்கிவிடும். என்னுடைய நான்கில் இரண்டின் முட்டைகளில் இப்போதே கண் தெரிகிறது, பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. அதனால்தான் இந்தப் பத்து நாட்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

அண்ணன், 7:55
அத்தை எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

அத்தை, 8:02
நான் என்ன பேசுவது? சென்ற முறை என்னிடம் விட்டுப் போனான், மூன்று நாட்களில் பாதி இறால்கள் செத்தன. அன்றிலிருந்து இறால் என்ற பேச்சு வந்தாலே இந்தக் குழுவில் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறீர்கள். நான் நல்லது நினைத்துத்தான் நீரை மாற்றினேன்.

நான், 8:20
அத்தை, இதை அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்று நீங்கள் செய்ததில் தவறு இல்லை; சொல்லாமல் போனது நான்தான். நீர் தேநீர் நிறத்தில் இருந்ததைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துப் பாதி நீரை மாற்றினீர்கள். அந்த நிறம் நான் போட்ட பாதாம் இலைகளிலிருந்து வந்தது. அதன் மேல் படரும் மெல்லிய நுண்ணுயிர்ப் படலம்தான் குட்டிகளுக்கு முதல் உணவு. குழாய் நீரில் இருந்த குளோரின் ஒரு பக்கம், கனிம அளவு திடீரென மாறியது மறு பக்கம். இறால் வளர்வதற்கு ஓட்டைக் கழற்ற வேண்டும், அதைத் தனக்கு உகந்த நேரத்தில் செய்ய வேண்டும். நீர் சட்டென்று மாறும்போது புதிய ஓடு தயாராகும் முன்னரே பழையதைக் கழற்ற முயன்று நடுவழியில் மாட்டிக்கொள்ளும். செத்தவற்றின் முதுகைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருந்ததாகச் சொன்னீர்களே, அது இதன் அடையாளம்தான். ஒரு தாளில் நான்கு வரி எழுதி ஒட்டியிருந்தால் நீங்கள் தொட்டே இருக்க மாட்டீர்கள். என்னை மன்னியுங்கள்.

சித்தி, 8:24
இதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

அத்தை, 8:31
சரி, விடு. இந்த முறை கொண்டுவந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

நான், 8:45
எதுவுமே செய்ய வேண்டாம், அத்தை. அதுதான் இறால் வளர்ப்பில் கற்றுக்கொள்ளக் கடினமான வேலை. நீர் மாற்ற வேண்டாம். ஆவியாகும் அளவுக்கு, நான் கொடுக்கும் கேனிலிருந்து தினமும் ஒரு தம்ளர் ஊற்றுங்கள். பாசியும் இலையும் இருப்பதால் பத்து நாள் உணவே போடாவிட்டாலும் அவை மேய்ந்துகொள்ளும். மனம் கேட்காவிட்டால் வெந்நீரில் வாட்டிய கீரையில் நகம் அளவு போட்டு, மூன்று மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். கண்ணாடி போல வெறும் ஓடு கிடந்தால் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதைத் தின்றுதான் கனிமத்தைத் திரும்பப் பெறும். ஒரே நாளில் இறால்கள் எல்லாம் வெறி பிடித்தது போல் நீந்தினால், ஒரு பெண் அப்போதுதான் ஓடு கழற்றியிருக்கிறது, ஆண்கள் அதைத் தேடுகின்றன என்று பொருள். ஆனால் எல்லாமே நீர்மட்டத்துக்கு ஏறி நின்றால் உடனே என்னை அழையுங்கள்.

பெரியப்பா, 8:47
குட்டிகள் பெருகி மிஞ்சிப் போனால் ஏதாவது குளத்தில் விட்டுவிடலாம் அல்லவா?

நான், 8:52
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஜெர்மனியிலும் போலந்திலும் ஹங்கேரியிலும் இப்படி வெளியே போன செர்ரி இறால்கள் அங்குள்ள நீர்நிலைகளிலேயே பெருகி நிலைத்துவிட்டன. மிஞ்சினால் வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடுப்போம்.

அண்ணன், 8:55
நாளை எத்தனை மணிக்கு வரட்டும்? நீரோடு தூக்கலாமா?

நான், 9:04
நீரோடு தூக்கினால் அடியில் படிந்த கழிவு கலங்கி அம்மோனியா ஏறும், கண்ணாடியும் விரிசல் விடலாம். முதலில் 20 லிட்டர் நீரைக் கேன்களில் எடுத்துக்கொள்வோம். இறால்களை வலையால் துரத்த வேண்டாம், முட்டை சுமப்பவை பயந்தால் முட்டையை உதிர்த்துவிடும். பாசிக்கொத்தோடு அள்ளி வாளியில் வைப்போம். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசாமல் தொட்டி நீரிலேயே நனைத்து எடுத்துப் போக வேண்டும், அதில்தான் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா இருக்கிறது.

அத்தை, 9:12
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் மாமா இரவில் கொசுவிரட்டி திரவம் போடாமல் தூங்க மாட்டார்.

நான், 9:15
அதிலும் பெரும்பாலும் பைரெத்ராய்டுதான் இருக்கும், அத்தை. அந்தப் பத்து நாட்களும் கொசுவலை கட்டிக்கொள்ள முடியுமா? மருந்து தோய்த்த வலையாக இல்லாமல் சாதாரண வலையாக இருக்க வேண்டும்.

அத்தை, 9:16
அதை நீயே அவரிடம் கேள்.

மாமா, 9:40
எல்லாவற்றையும் படித்தேன். வலைக்குள் எனக்கு மூச்சு முட்டும். படுக்கையறையில் மட்டும் திரவம் போட்டுக் கதவைச் சாத்தி, தொட்டியை முன்னறையில் வைத்தால் ஆகாதா?

நான், 9:44
கதவின் இடுக்கு வழியாகவும் வரும், மாமா. பம்ப்பை வேறோர் அறையின் சன்னலுக்கு வெளியே வைத்து நீளமான குழாய் இழுத்தால் ஆபத்து குறையும், ஆனால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

மாமா, 9:49
நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. தொட்டி மொத்தம் எவ்வளவு எடை வரும்?

நான், 9:50
நீர், மணல், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 40 கிலோ இருக்கும், மாமா.

மாமா, 9:58
முன்னறை மேசையின் ஒரு கால் ஆடுகிறது. மாலையில் அதைச் சரிபார்க்கிறேன். வலை விஷயத்தை இரவு பேசிக்கொள்வோம்.