பெயரை நீக்கிவிட்டால் மரபணுத் தரவைப் பொதுவில் வைக்கலாமா?

கேள்வி: தரவுமேசை

வணக்கம். அரிய நரம்புநோய் ஒன்றைப் பற்றிய ஆய்வு. சுமார் 400 நோயாளிகள். பாதிப் பேருக்குத் தாய் தந்தை மாதிரிகளும் உண்டு. எக்சோம் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் மரபணுப் பகுதிகள்) வரிசைப்படுத்தல் முடிந்தது. தரவை வெளியிட வேண்டும் என்கிறது ஆய்விதழ். அடையாளத்தை நீக்கிவிட்டு வெளியிடுங்கள் என்கிறது நெறிமுறைக் குழு. பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எடுத்தாயிற்று. மருத்துவமனைப் பதிவெண்ணை எஸ்.எச்.ஏ-256 ஹாஷாக (நேராகத் திருப்பி எடுக்க முடியாத கணிதக் குறியீடாக) மாற்றியிருக்கிறோம். வி.சி.எஃப் கோப்புகளை (ஒவ்வொருவரின் மரபணு மாறுபாடுகளின் பட்டியல்) அப்படியே பொதுத் தளத்தில் ஏற்றலாமா? முழுக்கப் பூட்டி வைத்தால் இதே நோயில் வேலை செய்யும் மற்ற குழுக்களுக்கு ஒரு பயனும் இல்லை. கோட்டை எங்கே போடுவது?

பதில் 1: இழைமணி

தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

முதலில் அந்த ஹாஷ். பதிவெண் 7 இலக்கம் என்றால் இருக்கக்கூடிய எண்கள் மொத்தமே 1 கோடி. அத்தனைக்கும் ஹாஷ் போட்டு உங்கள் பட்டியலோடு பொருத்த ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடிகள் போதும். பதிவெண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத குருட்டு எண் கொடுங்கள். எது யாருடையது என்ற திறவுப் பட்டியலை வேறு கணினியில், வேறு ஆள் பொறுப்பில் வையுங்கள். மாதிரிகளின் வரிசையையும் கலைத்துவிடுங்கள். சேர்ந்த தேதிப்படியே கோப்பு அடுக்கப்பட்டிருந்தால், வார்டு பதிவேட்டைப் பார்த்தவருக்குக் குறியீடு எதற்கு?

அடுத்தது பெரிய சிக்கல்: வரிசையே அடையாளம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 30 முதல் 80 எஸ்.என்.பி (டி.என்.ஏ-வின் ஒற்றை எழுத்து மாறுபாடு) இருந்தால் ஒருவரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று 2004-லேயே கணக்கிட்டுவிட்டார்கள். உங்கள் எக்சோம் ஒவ்வொன்றிலும் இருபதாயிரத்துக்கு மேல் மாறுபாடுகள் இருக்கும். 2013-இல், பொதுவில் கிடந்த மரபணுத்தொகைகளில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமின் குறிகளை வம்சாவளித் தளங்களில் தேடிக் குடும்பப்பெயரைப் பிடித்து, வயதையும் வசிக்கும் மாநிலத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டார்கள். எக்சோமில் அந்தக் குறிகள் பெரும்பாலும் விழாது என்பது உண்மை. ஆனால் உறவினர் வழி ஒன்று திறந்தே இருக்கிறது. ஒன்றுவிட்ட சகோதரர்கள் டி.என்.ஏ-வில் சராசரியாக 12.5% பகிர்கிறார்கள், அவர்களில் ஒருவர் எங்கோ பரிசோதித்துப் பதிவேற்றியிருந்தால் போதும்.

சிக்கலான மரபணுவை மட்டும் வெட்டிவிடலாம் என்றும் தோன்றும். டி.என்.ஏ அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் தன் மரபணுத்தொகையை வெளியிட்டபோது, அல்சைமர் ஆபத்தைச் சொல்லும் ஏ.பி.ஓ.இ பகுதியை நீக்கச் சொன்னார். அக்கம்பக்க மாறுபாடுகள் கூட்டமாகவே கடத்தப்படுவதால், சுற்றியிருப்பதை வைத்தே அந்த இடத்தை ஊகிக்க முடியும் என்று பிறகு காட்டினார்கள். ஓட்டை போட்ட இடத்தின் வடிவம் ஓரத்திலேயே தெரிகிறது.

பதில் 2: கோப்புத்தலைப்பு

எந்த வழியில் பகிர்ந்தாலும் கோப்பைத் திறந்து மேல்பகுதியை ஒருமுறை கண்ணால் படியுங்கள். பலர் தவறுவது இங்கேதான். பி.சி.எஃப்.டூல்ஸ், ஜி.ஏ.டி.கே போன்ற மரபணுத் தரவு மென்பொருள்கள் தாங்கள் ஓடிய கட்டளையை வி.சி.எஃப் தலைப்பில் எழுதி வைக்கும். நோயாளி பெயரில் கோப்புறை வைத்திருந்தால் அந்தப் பாதை முழுவதும் அதில் உட்கார்ந்திருக்கும். வரிசைத்துண்டுகள் இருக்கும் பாம் கோப்பில் ஆர்.ஜி வரியின் எஸ்.எம் புலத்தில் ஆய்வகம் கொடுத்த பழைய மாதிரிப் பெயர் இருக்கும். சாம்டூல்ஸின் ரீஹெடர் கட்டளையால் அதை மாற்றலாம். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் உள்ளே ஒன்றும் மாறாது.

தேதிகளை நோயாளிக்கு ஒரே அளவில் நகர்த்துங்கள்: ஒருவருக்கு 43 நாள் என்றால் அவருடைய எல்லாத் தேதிக்கும் 43. தேதிக்குத் தேதி வேறு எண் போட்டால் நோய் தொடங்கியதற்கும் மருந்து கொடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி கெட்டு, தரவு ஆய்வுக்கே உதவாது.

தாய், தந்தை, குழந்தை மூவர் தரவில் இன்னொன்று உண்டு. பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாறுபாடுகள் குழந்தையிடம் நூற்றுக்கணக்கில் தெரிந்தால், ஒன்று மாதிரி மாறியிருக்கும், அல்லது தந்தை வேறொருவர். எக்சோமில் உண்மையான புதிய பிறழ்வு ஒன்றிரண்டுதான் வரும். இதை வெளியிடும் முன் சரிபார்த்து, அப்படிப்பட்ட மூவர் குழுவை விலக்குங்கள். ஒரு குடும்பத்தையே உடைக்கும் செய்தி அது.

பதில் 3: பகிர்வோம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இதைப் படித்துப் பயந்து எல்லாவற்றையும் பூட்டினால் நோயாளிகள்தான் தோற்பார்கள். அரிய நோயில் ஒரு மரபணுவே காரணம் என்று நிறுவ, அதே மரபணு பழுதான இரண்டாவது குடும்பம் வேண்டும். அது பெரும்பாலும் வேறொரு குழுவிடம்தான் இருக்கும்.

ஆகவே அடுக்காகப் பிரியுங்கள். நோய்க்காரணம் என்று நீங்கள் முடிவுகட்டிய ஒவ்வொரு மாறுபாட்டையும் சான்றுகளோடு கிளின்வார் என்ற பொதுத் தரவுத்தளத்திலேயே போடுங்கள். ஒருவருடைய ஒரே ஒரு மாறுபாடு, அவருடைய மற்ற மாறுபாடுகளோடு இணைக்கப்படாத வரை, மிகக் குறைவாகவே காட்டிக்கொடுக்கும். விடை கிடைக்காத நோயாளிகளுக்கு மேட்ச்மேக்கர் எக்ஸ்சேஞ்ச் (ஒத்த நோயாளிகளைக் குழுக்களிடையே பொருத்தும் வலையமைப்பு): சந்தேக மரபணுவும் எச்.பி.ஓ என்ற பொதுப் பட்டியலின் அறிகுறிச் சொற்கள் நான்கைந்தும் போதும். பதினைந்து அறிகுறி எழுதினால் அந்தக் குழந்தையின் படத்தையே ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

ஆள்வாரியான வி.சி.எஃப், பாம் எல்லாம் இ.ஜி.ஏ அல்லது டிபிகேப் போன்ற கட்டுப்பாட்டு அணுகல் களத்துக்கு (கேட்பவரைச் சரிபார்த்தே தரவு கொடுக்கும் இடம்). கோரிக்கையைப் பார்க்கும் குழுவுக்கு ஒருவருடைய சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். அவர் வேலை மாறினால் கோரிக்கைகள் அனாதையாகக் கிடக்கும். பொது முகவரி, மூன்று உறுப்பினர், 15 வேலைநாளில் பதில் என்று எழுதி வையுங்கள்.

தரவுமேசை: 400 பேரின் கூட்டு அலீல் எண்ணிக்கையையாவது (ஒவ்வொரு மாறுபாடும் மொத்தம் எத்தனை முறை வருகிறது என்பதை) பொதுவில் வைக்கலாமா? வேறுபடு தனியுரிமை முறையில், யார் இருந்தார் என்று தெரியாதபடி எண்களில் இரைச்சல் (தற்செயல் பிழை) சேர்த்தால்?

இழைமணி: கூட்டு எண்ணிக்கையும் கசியும். ஒருவரின் டி.என்.ஏ கையில் இருந்தால், அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று அலீல் விகிதங்களை வைத்தே சொல்லலாம் என 2008-இல் காட்டப்பட்டது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்.ஐ.எச் அத்தகைய தரவைப் பொது அணுகலிலிருந்து உடனே எடுத்தது. உங்கள் ஆய்வில் கூட்டத்தில் இருப்பதே நோய் இருக்கிறது என்று சொல்வதாகும்.

இரைச்சல் முறை அரிய மாறுபாட்டுக்குக் கைகொடுக்காது. ஒருவர் ஒரு இடத்தில் எண்ணிக்கையை அதிகபட்சம் 2 மாற்றுவார். எப்சிலான் (தனியுரிமை அளவு; சிறிதானால் பாதுகாப்பு அதிகம்) 0.1 என்றால் லாப்லாஸ் இரைச்சலின் அளவு 2-ஐ 0.1-ஆல் வகுத்த 20. உண்மையான எண்ணிக்கை 3 என்று வையுங்கள். அதன்மேல் இருபது இருபதாக ஆடும் இரைச்சலில் அந்த 3 எங்கே தெரியும்? இது ஒரே ஓர் இடத்துக்கு. ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அந்த எப்சிலானையே பங்குபோட வேண்டும். 5-க்குக் குறைவானதை "5-க்குக் கீழ்" என்று மட்டும் காட்டி, அதையும் பதிவு செய்தவர்களுக்கே கொடுங்கள்.

பதில் 4: ஒப்புதல்தாள்

இதற்கெல்லாம் முன்னால், நோயாளிகள் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் பாருங்கள். "உங்கள் தரவு முற்றிலும் அநாமதேயமாக வைக்கப்படும்" என்று இருந்தால், காப்பாற்ற முடியாத வாக்கு அது. மறு ஒப்புதல் வாங்குங்கள். புதிய படிவத்தில் மூன்று விஷயங்களை நேராக எழுதுங்கள்: அடையாளம் காணும் வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்ஜியம் இல்லை; இந்தத் தரவு உங்கள் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசும்; விலகினால் புதிதாக யாருக்கும் கொடுக்க மாட்டோம், ஏற்கெனவே வெளியே போன பிரதியைத் திரும்ப வாங்க முடியாது. வணிக நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். நோயாளிகள் இங்கே "வேண்டாம்" என்று குறித்துவிட்டு மற்றதற்குச் சம்மதிப்பது வழக்கம். அந்தக் குறிப்பு காகிதத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு மாதிரியின் பயன்பாட்டுக் குறியீடாகக் களத்திலும் ஏற வேண்டும்.