ஒரே தோட்டத்துக் காப்பி, இரண்டு சுவை: பதப்படுத்தும் முறை இவ்வளவு மாற்றத்தைச் செய்யுமா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளாகப் பித்தளை பில்டரில் இறக்கிய காப்பியை மட்டுமே குடித்துவரும் எனக்கு, பிளான்டேஷன் ஏ, பீபெரி, சிக்கரி என்ற மூன்று சொற்களுக்கு அப்பால் காப்பியைப் பற்றி எதுவும் தெரியாது. சிக்கமகளூரில் பணிபுரியும் என் மகள் சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, ஒரே தோட்டத்தில் ஒரே பருவத்தில் பறித்த எஸ்.795 ரகக் காப்பியை இரண்டு பொட்டலங்களாகக் கொண்டுவந்தாள். ஒன்றில் ‘வாஷ்டு’ என்றும் மற்றொன்றில் ‘நேச்சுரல்’ என்றும் அச்சிட்டிருந்தது. வறுத்த நாளும் வறுத்த பதமும் இரண்டுக்கும் ஒன்றே. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்க்காமல் இரண்டையும் குடித்துப் பார்த்தோம். முதலாவதில் நாரத்தையை நினைவூட்டும் மெல்லிய புளிப்பு இருந்தது. குடித்து முடித்ததும் வாய் சுத்தமாக இருந்தது. இரண்டாவதை வாயருகே கொண்டுபோகும்போதே நன்றாகப் பழுத்த பலாச்சுளையின் வாசம் எழுந்தது. அதில் ஏதோ வாசனைப் பொருள் கலந்திருக்கிறார்கள் என்றே என் மனைவி முடிவு செய்துவிட்டார்.

பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்து உலர்த்தும் விதம் மட்டுமே இத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா? பழத்தோடு சேர்த்து உலர்த்தும்போது பழத்தின் இனிப்பு கொட்டைக்குள் ஊறிவிடுகிறது என்று மகள் சொல்கிறாள்; அது சரியா? இவற்றில் எது பில்டர் காப்பிக்குப் பொருந்தும் என்பதையும், இந்த வயதில் இதை முறையாகக் கற்க வழியுண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மலைத்தோட்டம்:

ஐயா, கீழ்ப்பழனி மலையில் மூன்று தலைமுறையாகக் காப்பி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

காப்பிப் பழத்தை நசுக்கினால் சிவந்த தோலுக்கும் சதைக்கும் அடியில், விரலில் வழுக்கும் பசை போன்ற ஒரு படலமும், அதற்குள் பார்ச்மென்ட் எனப்படும் கெட்டியான உறையும், அதற்கும் உள்ளே இரண்டு கொட்டைகளும் இருக்கும். அந்தப் பசையை எப்போது, எப்படி நீக்குகிறோம் என்பதில்தான் எல்லா முறைகளும் வேறுபடுகின்றன. ‘வாஷ்டு’ எனப்படும் கழுவும் முறையில், பறித்த அன்றே பல்பர் என்ற தோலுரிக்கும் இயந்திரத்தில் தோலை உரித்து, பசையோடு கூடிய கொட்டையைத் தொட்டியில் நிரப்பி நொதிக்க விடுவோம். எங்கள் மலைக் குளிரில் இதற்கு ஒன்றரை நாள்கூட ஆகும். பசை கரைந்துவிட்டதா என்பதைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தே முடிவு செய்கிறோம். வழுக்கல் போய்க் கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோல் சொரசொரப்பு வந்தால் கழுவலாம். குவியலில் ஒரு குச்சியைச் செருகி எடுக்கும்போது குழி மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றாலும் அதே பொருள்தான். அந்தப் பதம் தாண்டிவிட்டால் காடி வாடை ஏறிவிடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அது போகாது.

நேச்சுரல் என்று இப்போது சொல்வதை எங்கள் தாத்தா ‘செர்ரி’ என்றே சொல்வார். பழத்தை முழுதாகக் களத்தில் பரப்பி, ஈரப்பதம் 10 அல்லது 11 சதவீதத்துக்கு இறங்கும்வரை இரண்டு மூன்று வாரங்கள் கிளறிக்கொண்டே உலர்த்துவது அது. பறிப்புக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் எங்கள் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், இந்த மலையில் செர்ரி உலர்த்துவது எப்போதும் துணிச்சலான காரியம். தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் கர்நாடக மலைகளில் பறிக்கும் நேரத்தில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முறையாக இருநூறு கிலோ பழத்தை அப்படி உலர்த்த முயன்றபோது, ஐந்தாம் நாள் பெய்த மழையில் தார்ப்பாயின் கீழே பழங்கள் பூஞ்சை பிடித்து, முழுவதையும் எருக்குழியில் கொட்ட நேர்ந்தது. நல்ல நேச்சுரல் காப்பிக்குப் பின்னால் எத்தனை உழைப்பு இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பலகைமேல் வலை கட்டி, நிழல்கூரை போட்டு உலர்த்துகிற இன்றைய பழக்கம் அந்த அச்சத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது.

உங்கள் மகள் சொன்ன விளக்கம் பரவலாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் அதில் ஒரு திருத்தம் தேவை. உலரும்வரை காப்பிக் கொட்டை உயிருள்ள விதை. தோலையும் சதையையும் நீக்கியதும், முளைக்க வேண்டிய காலம் வந்துவிட்டதாக அது தன்னுள் வேலையைத் தொடங்கி, தன்னிடமுள்ள குளுக்கோஸையும் பிரக்டோஸையும் செலவழிக்கிறது. பழத்துக்குள்ளேயே உலரும் விதையில் இந்த முனைப்பு குறைவாக இருப்பதால் அந்தச் சர்க்கரைகள் கூடுதலாக எஞ்சுகின்றன. அதாவது, சர்க்கரை வெளியிலிருந்து ஊறி வந்ததன்று, உள்ளே செலவாகாமல் நின்றது. பலாச்சுளை வாசம் வேறு கதை. நாள்கணக்கில் சதையில் நடக்கும் நொதித்தலில் ஈஸ்டும் மற்ற நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் மணப்பொருள்கள் விதையிலும் சேர்கின்றன. எனவே உங்கள் மனைவி உணர்ந்த வாசம் பொய்யில்லை. அதைக் கலந்தது மனிதக் கை இல்லை, அவ்வளவுதான்.

வறுகடை:

மேலே எழுதிய நண்பர் தோட்டத்துப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை நடத்துபவனாக, சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

பதப்படுத்தும் முறையை நாம் புதிதாகக் கற்கத் தேவையில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கடைக்கு வந்து கேட்ட பெயர்களிலேயே அது இருந்தது. இந்தியக் காப்பி வணிகத்தில் ‘பிளான்டேஷன்’ என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா இனக் காப்பி. பழத்தோடு உலர்த்தியது ‘அராபிகா செர்ரி’. மற்றோர் இனமான ரோபஸ்டாவில் கழுவியதற்கு ‘பார்ச்மென்ட்’ என்றும் உலர்த்தியதற்கு ‘செர்ரி’ என்றும் பெயர். அதோடு வரும் ‘ஏ’ என்ற எழுத்து தரத்துக்கான முதல் மதிப்பெண் என்று பலர் நம்புகிறார்கள். அது சல்லடையில் நிற்கும் கொட்டையின் அளவையே குறிக்கிறது, அதற்கு மேலே ‘ஏஏ’ உண்டு. பீபெரி என்பது பதப்படுத்தும் முறையன்று. பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒரே விதை உருண்டையாக வளர்ந்தது.

எனவே, ஐயா, நீங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடித்துவந்தது கழுவிய காப்பிதான். முதல் பொட்டலம் உங்களுக்கு உறவாகத் தோன்றியதற்கும் இரண்டாவது வியப்பளித்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். பில்டருக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கு என் தீர்ப்பு கழுவியதே. காய்ச்சிய பாலோடு சேரும்போது நேச்சுரல் காப்பியின் பழவாசம் பாலின் மணத்தோடு இசையாமல் தனித்து நிற்கிறது. கழுவிய அராபிகாவின் தெளிவுக்குப் பாலும் சர்க்கரையும் துணை நிற்கின்றன. டிகாக்ஷன் கெட்டியாக இறங்க வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்கு ரோபஸ்டா பார்ச்மென்ட் சேர்க்கலாம். சிக்கரி கலந்த பொடியை வாங்கினால் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் படியுங்கள். கலவையில் சிக்கரி 49 சதவீதம்வரை இருப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, அந்த அளவில் எந்தப் பதப்படுத்தும் முறையின் சுவையும் நாவுக்கு எட்டாது.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. பிளான்டேஷன் என்றால் தோட்டத்தில் விளைந்தது என்ற பொருளில்தான் இத்தனை நாளும் புரிந்துவைத்திருந்தேன். விதை உயிரோடு இருக்கிறது என்ற விளக்கத்தை என் மனைவிக்குப் படித்துக்காட்டினேன். நெல் விதையை ஊறவைத்து முளைகட்டும்போது நடப்பதும் அதுதானே என்று அவர் உடனே சொன்னார். இனி, கற்கும் வழியைப் பற்றி யாரேனும் சொல்ல முடியுமா? ‘புளிப்பு’ என்ற ஒரு சொல்லை நாரத்தைக்கும் கெட்டுப்போன மோருக்கும் சேர்த்தே பயன்படுத்துவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நாவும்மூக்கும்:

ஐயா, உங்கள் உறுத்தல் மிகச் சரியானது. கற்றல் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. காப்பியைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் பயிற்சி பெற்றவள் நான். நாங்கள் முதலில் கற்றது, நல்ல புளிப்பையும் பழுதான புளிப்பையும் பிரித்தறிவதுதான். எலுமிச்சை, நாரத்தை, நாவல்பழம், புளியம்பழம் என்று ஒரு பழத்தின் பெயரைச் சொல்லத் தூண்டும் புளிப்பு கொட்டைக்கு உரியது. காடி, புளித்த மாவு, பழஞ்சோற்று நீர் என்று நினைவு ஓடினால் பெரும்பாலும் நொதித்தலோ உலர்த்தலோ கைமீறியிருக்கிறது. நேச்சுரல் காப்பியில் இந்த எல்லை மிக மெல்லியது. பலாச்சுளை வாசம் ஒரு நாள் தாண்டினால் அழுகிய பலாவாகிவிடும் என்பதை நாம் சமையலறையிலேயே அறிவோம்.

உங்களிடம் இருக்கும் இரண்டு பொட்டலங்களே போதுமான பாடநூல். தரம் பார்க்கும் கூடங்களில் 150 மில்லி நீருக்கு 8.25 கிராம் பொடி என்ற கணக்கில் செய்வார்கள். வீட்டில் ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் அதே விகிதத்தைப் பின்பற்றுங்கள். சற்றுக் கொரகொரப்பாக அரைத்த பொடியின்மேல், கொதித்து அடங்கிய நீரை ஊற்றி நான்கு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். மேலே படிந்த ஏட்டைக் கரண்டியால் விலக்கும்போது எழும் வாசத்தைக் குனிந்து முகருங்கள். அன்றைய பாடத்தில் பாதி அங்கே கிடைத்துவிடும். நுரையை நீக்கியபின், கரண்டியில் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சிக் குடியுங்கள், ஏனெனில் அப்படிச் செய்தால்தான் மணம் வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும். சூடாக இருக்கையில் ஒருமுறை, வெதுவெதுப்பில் ஒருமுறை, நன்றாக ஆறியபின் ஒருமுறை எனச் சுவைத்து எழுதிவையுங்கள். சூட்டில் மறைந்திருந்த புளிப்பும் குறைகளும் ஆறியபின் வெளிவரும். நீங்களும் உங்கள் மனைவியும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முளைகட்டிய நெல்லை நினைத்த அவருக்குச் சுவைச் சொற்களும் எளிதாக வரும் என்றே நம்புகிறேன்.

முறையான பயிற்சி வேண்டுமானால், பெங்களூரிலுள்ள காப்பி வாரியம் ‘காப்பி சாஸ்திரா’ என்ற பெயரில் வறுத்தலிலும் காப்பி தயாரிப்பிலும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கிறது. முழுநேரமாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்குக் காப்பித் தர மேலாண்மையில் முதுநிலைப் பட்டயப் படிப்பும் அங்கு உண்டு. அடுத்த கட்டமாக, மலபார் கடற்கரைக் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர்வரை பருவக்காற்றின் ஈரத்தில் ஊறி, பருத்து, வெளிறிப்போகும் ‘மான்சூன்டு மலபார்’ காப்பியை இவற்றோடு வைத்துச் சுவையுங்கள். செர்ரியாக உலர்த்திய கொட்டையையே அப்படிக் காற்றாட விடுகிறார்கள். புளிப்பு ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடும்.

மலைத்தோட்டம்:

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிசம்பர் இறுதியில் எங்கள் தோட்டத்தில் பல்பர் ஓடிக்கொண்டிருக்கும். தாண்டிக்குடிப் பக்கம் வரும் எண்ணம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், ஐயா. தொட்டியில் கைவிட்டுப் பசை கரைந்த பதத்தை நீங்களே தேய்த்துப் பார்க்கலாம். இந்த ஆண்டு நிழல்கூரையின் கீழே நூறு கிலோ பழத்தை மறுபடியும் முழுதாக உலர்த்தப்போகிறேன், அதையும் காட்டுகிறேன்.