கடாரம் வென்ற கதையில் நமக்கு என்ன பங்கு?

உட்கோட்டையான் (ஜெயங்கொண்டம் பக்கம், இப்போது பினாங்கு)

இங்கே ஊர் எது என்று கேட்பவர்களிடம் அரியலூர் மாவட்டம் என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் உட்கோட்டை என்றால் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். 2022-இல் பொன்னியின் செல்வன் படம் வந்ததிலிருந்து இது இன்னும் கூடிவிட்டது. ராஜராஜன் பட்டத்துக்கு வருமுன்பே முடிந்துவிடும் கதை அது. அவன் மகன் ராஜேந்திரனுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் படம் பார்த்த பையன்கள் அடுத்துத் தேடிப் படிப்பது ராஜேந்திரனையும் அவன் வென்ற கடாரத்தையும்தான்.

போன வாரம் கெடாவில், அதாவது அந்தப் பழைய கடாரத்தில், மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஜெராய் மலையடிவாரத்தில் ஓடை ஓரமாக புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்தளம் இருக்கிறது. மேல்கட்டு எதுவும் கிடையாது. அங்கே நின்றபோது ராஜேந்திரனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியின் வரிதான் நினைவுக்கு வந்தது: "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி". எங்கள் பக்கத்தில் சுற்றியுள்ள ஊர்களே ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், மாளிகைமேடு என்றுதான் இருக்கும். 1025-இல் அங்கிருந்து கிளம்பிய படை வந்து இறங்கிய மண் இது. அதே பாதையில் ஆயிரம் வருஷம் கழித்து நானும் வந்திருக்கிறேன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளிடம் "உன் பாட்டன் கூலியாக வந்தான்" என்ற ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கடாரத்தை வென்ற கதையையும் அதே அளவு சொல்ல வேண்டும். புலிக்கொடி போட்ட சட்டையோடு ஒரு பையன் நடந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பீடோங் மணி (கெடா)

அண்ணே, வணக்கம். நான் பீடோங்கில் நாலாம் தலைமுறை. மெர்போக் எங்களுக்குக் கூப்பிடு தூரம். பள்ளிச் சுற்றுலா என்றாலே அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊருக்குப் பக்கத்தில் அந்தக் கற்கள் இருப்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் காரணம், அந்தக் கற்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு ராஜேந்திரனுக்கு வெகு காலம் முந்தியது. மகாநாவிகன் புத்தகுப்தன் பெயர் சொல்லும் கல் செபராங் பிறையில் கிடைத்தது, அது 5-ஆம் நூற்றாண்டு. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இங்கே வாழ்ந்தவர்கள் உழைத்துக் கட்டிய துறைமுகத்தை ஒரு படை வந்து கொள்ளையடித்துப் போயிற்று. கடாரத்து அரசன் சங்கிராம விசையோத்துங்கவர்மனைப் பிடித்தோம், வித்தியாதரத் தோரணத்தை எடுத்தோம் என்று உங்கள் மெய்க்கீர்த்தியே பட்டியல் போடுகிறதே. என் ஊரைக் கொள்ளையடித்ததை நான் எப்படிக் கொண்டாடுவது? கெடா எனக்கு அந்நிய நாடு இல்லை அண்ணே. என் ஊர்.

இரண்டாவது, "கூலியாக வந்தான்" என்ற கதையை யாரும் இங்கே அளவுக்கு மீறிச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். கங்காணி ஊரில் வந்து ஆள் சேர்த்தது, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலின் கீழ்த்தளத்தில் வந்தது, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்தது, விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுப்புக்கு) நின்றது, பால்மரம் சீவியது, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போய்ப் பல்லாயிரம் பேர் திரும்பாமலே போனது. இதில் எத்தனை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்? ராஜேந்திரன் பெயர் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அவர்களுடைய கொள்ளுப்பாட்டி பெயர் தெரியாது.

சிறுபான்மையாக வாழும் நாட்டில், "எங்கள் ராஜா உங்களை ஜெயித்தான்" என்று சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தால் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் என்ன நினைப்பார்? அதையும் யோசியுங்கள்.

உட்கோட்டையான்

மணி, கொள்ளை என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடாதீர்கள். மலாக்கா நீரிணையைச் சுமத்திராவின் ஸ்ரீவிஜயப் பேரரசு கையில் வைத்திருந்தது; கடாரமும் அதற்குள்தான். 1015-இல் சோழத் தூதர்கள் சீனம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கடல்வழியில் நம் வணிகர்கள் தடையில்லாமல் போய்வர ஒரு அரசு தன் கப்பற்படையை அனுப்பியது. இன்றைக்கும் பெரிய நாடுகள் செய்வது இதுதான். தோற்ற நாட்டு மக்களை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் கடலைக் கட்டி ஆண்ட திறமை நம்மிடம் இருந்தது என்று பிள்ளைக்குத் தெரியட்டும் என்கிறேன்.

வெளிப்பாளையத்தார் (நாகப்பட்டினம், இப்போது மெல்பர்னில் மகள் வீட்டில்)

தம்பிகள் இருவரும் நாகப்பட்டினத்தைக் கப்பலேறும் இடமாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படையெடுப்புக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னால், கடாரத்து அரசன் எங்கள் ஊரில் ஒரு புத்த விகாரம் கட்டினான். தன் தகப்பன் பெயரில் சூளாமணிவர்ம விகாரம். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் எழுதிவைத்தான். சிவன் கோயிலுக்குப் பேர்போன அரசன், கடல் தாண்டிய ஓர் அரசனின் புத்த விகாரத்துக்கு ஊரையே கொடுக்கிறான். ராஜராஜனுக்குப் பிறகு அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைக்கச் செய்தவன் யார்? இதே ராஜேந்திரன். அந்தச் செப்பேடுகள் டச்சுக்காரர் கைக்குப் போய் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. படையெடுப்புக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1090-இல், முதற் குலோத்துங்கன் காலத்திலும் கடாரத்துத் தூதர்கள் வந்து அந்த விகாரத்துக்காகக் கேட்டு, புதிதாகச் செப்பேடு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இவ்வளவு நீண்ட உறவில் 1025 என்பது ஒரு வருஷம். படம் எடுப்பவர்களுக்கு யானையும் போரும் வேண்டும், அது அவர்கள் தொழில். ஊர்க்காரர்கள் நாம் அந்த ஒரு வருஷத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள என்ன அவசியம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மனக்குறை. அந்தக் காலத்துப் புத்த கட்டடங்களின் மிச்சமாகக் கருதப்பட்ட ஒரு செங்கல் கோபுரம் எங்கள் ஊரில் 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1867-இல் ஏசு சபையார் அரசு அனுமதியோடு அதை இடித்தார்கள். அந்தப் பகுதியில் கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சோழர் பெருமை பேசும் பிள்ளைகளில் எத்தனை பேர் எழும்பூர் போனால் அவற்றின் முன்னால் நிற்கிறார்கள்?

தவா (திருகோணமலை; இப்போது டொராண்டோ)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கட பக்கத்தில சோழர் கதை வேற மாதிரி. 993-இல அனுராதபுரம் விழுந்தது, 1017-இல சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடிச்சுக் கொண்டு போனது, பொலன்னறுவையில இருந்து ஆண்டது எல்லாம் சிங்களப் பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறது. சோழர் எண்டால் படையெடுத்து வந்த ஆக்கள். அந்தக் கணக்கு இப்ப இருக்கிற தமிழரிட்ட கேட்கப்படும். என்ர தகப்பன் பொலன்னறுவையில சோழர் கட்டின வானவன்மாதேவி ஈஸ்வரத்தைப் பார்க்கக் கூட்டிக் கொண்டு போகேக்க, "உள்ளுக்குள்ள கும்பிடு, வெளியில வாய் திறக்காத" எண்டு சொன்னவர். மணி பயப்பிடுறது வெறும் கற்பனை எண்டு நினைக்க வேண்டாம்.

அதே நேரம், அந்தக் கோயில் எங்கட எண்டு சொல்லுற உரிமையை நான் விடமாட்டன். உட்கோட்டையார் சொல்லுறதில எனக்கு அரைவாசி சம்மதம்.

உட்கோட்டையான்

தவா அண்ணா, அந்த அரைச் சம்மதத்தைத்தான் நான் கேட்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று 2013-இல் பார்த்தோமே. பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் கோயில் மேட்டை வீட்டுமனைக்காக இயந்திரம் வைத்து வழித்தெறிந்தார்கள். இது எங்களுடையது என்று உரக்கச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அதுதான் நடக்கும்.

பீடோங் மணி

அப்போது சத்தம் போட்டவர்களில் மலாய்க்காரர் இருந்தார்கள், சீனர் இருந்தார்கள், நாங்களும் இருந்தோம். "கெடாவின் பழமை அழிகிறது" என்று எல்லோரும் சேர்ந்து கேட்டதால்தான் அது நாட்டுப் பிரச்சினையானது. "சோழன் கோயிலை இடித்தார்கள்" என்று நாங்கள் மட்டும் தனியாகப் போயிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்?

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கொள்ளுத்தாத்தாவின் பழைய தாள் ஒன்று வீட்டில் இருக்கிறது. "திரிசிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் ஜெயங்கொண்டம், உங்கள் உட்கோட்டை எல்லாம் அந்தத் தாலுகாதான். நாங்களும் சோழபுரத்துக்காரர்கள் என்று நான் சட்டை போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் கொள்ளுத்தாத்தா அந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையாம். பாட்டி சொல்வார்: சேரியிலிருந்து வந்தவர்கள் நாம், ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத இடம், இங்கே தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே குழாய். ஒரே குழாய் என்று பாட்டி சொன்னது முழு உண்மையா என்று தெரியாது, தோட்டத்திலும் சாதி இருந்தது. ஆனால் அவர்கள் எதிலிருந்து கிளம்பி வந்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர் ஊராகப் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. ராஜராஜன் வெட்டச் சொன்ன கல்லில். அந்தச் சேரிக்காரனின் வாரிசு நான். வென்ற ராஜாவின் கொடியை என் பிள்ளை தோளில் ஏன் போர்த்த வேண்டும்?

உட்கோட்டையான்

இதைப் படித்துவிட்டு நேற்று பதில் எழுத முடியவில்லை. கல்வெட்டில் இருப்பது இருப்பதுதான், அதை மறைத்துப் பெருமை பேச நான் வரவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த சோழபுரத்தைச் சொல்கிறேன். கோயிலுக்கு மேற்கே பொன்னேரி இருக்கிறது. சோழகங்கம் என்று ராஜேந்திரன் வெட்டியது. கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் பாடுகிறது. கரையில் நின்றால் எவ்வளவு மண் என்று மலைப்பாக இருக்கும். அந்த மண்ணைச் சுமந்தது யார்? மணி, உங்கள் ஆட்களும் என் ஆட்களும்தான் சுமந்திருப்பார்கள். அரண்மனை இருந்த இடத்தில் இன்று ஒரு மேடுதான் மிச்சம். அதன் செங்கலைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்து வீடு கட்டியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். எங்கள் பழைய வீட்டுச் சுவரிலும் அந்த அகலச் செங்கல் உண்டு. 1836-இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்ட, கோயில் மதில் கல்லையே வெள்ளைக்காரன் எடுத்துப் போனான். பட்டம் கட்டிக்கொண்டவர்களுக்கு அங்கே இன்று வாரிசு இல்லை. ஏரித் தண்ணீரில் நெல் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜேந்திரன் பெயரைச் சொல்லும்போது நான் அவர்களுடைய ஊரைத்தான் சொல்கிறேன். அந்தப் பெயரை மேல்சாதிக்காரர்களும் படக்காரர்களும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வெளிப்பாளையத்தார்

ஏரியைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் தம்பி, நீங்கள் தொடங்கியது ஏரியில் இல்லை, படையில். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொன்னேரியையும் ஆனைமங்கலத்தையும் சொல்லுங்கள், நான் கைதட்டுகிறேன். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த சரக்குகளில் "காழகத்து ஆக்கம்" என்கிறது; காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். சுமத்திராவில் பாரூஸ் பக்கம் 1088-இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் தமிழில் கல்வெட்டு நட்டிருக்கிறார்கள். வியாபாரம் செய்யப் போன இடத்தில், அங்கே வாழ்ந்தவர்களோடு கூடி இருந்து நட்ட கல். வெளிநாட்டில் வேலை பார்க்கும் உங்களுக்கு எது நெருக்கம், படைத்தலைவனா அந்த வணிகனா?

தவா

வாத்தியார், வணிகரும் வெறுங்கையோட போகேல்லை. அவையளுக்கும் காவல்படை இருந்தது. இவ்வளவு அழகாக்க வேண்டாம்.

பீடோங் மணி

தவா அண்ணன் சொல்வதும் சரி.

உட்கோட்டை அண்ணே, ஏரி வெட்டியவர்கள் கதையை எங்கள் தமிழ்ப்பள்ளியில் வந்து சொல்லுங்கள், நானே ஏற்பாடு செய்கிறேன். அதே நாளில் எங்கள் தோட்டத்துக் கிழவி ஒருவரையும் கூட்டிவருவேன். ரஜூலா கப்பலில் சின்னப் பிள்ளையாக வந்தவர். அந்தக் கப்பல் 1970-கள் வரை மதராசுக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடியது. அவரை முதலில் பேசவிட வேண்டும், அதற்குப் பிறகு நீங்கள். புலிக்கொடிச் சட்டையோடு வந்தால் மேடையேற்ற மாட்டேன்.

உட்கோட்டையான்

சட்டையைப் பற்றி அன்றைக்கு நேரில் பேசிக்கொள்வோம், அதை நான் இன்னும் விடவில்லை. கிழவி முதலில் பேசட்டும். உங்கள் தாளில் தாலுகாவுக்குக் கீழே ஊர்ப்பெயர் இருக்கிறதா?

பீடோங் மணி

இருக்கிறது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஆங்கிலத்தில் கிறுக்கியது, "சூட்டமலை" மாதிரி படிக்கிறது. அந்தப் பெயரில் ஊர் எதுவும் இல்லை என்று வரைபடத்தில் தேடி விட்டுவிட்டோம்.

உட்கோட்டையான்

சுத்தமல்லியாக இருக்கலாம். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், கொள்ளுத்தாத்தா பெயரோடும் அவர் அப்பா பெயரோடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அங்கே சேரித்தெருப் பெரியவர்களிடம் கேட்கிறேன், ஊர்ப்பெரியவர்களிடம் இல்லை.